215 மி.மீ. டயரிலிருந்து தொடங்க வேண்டும்

முன்னால் இன்ஜின், பின்சக்கரங்களுக்கு இழுவை, கையால் போடும் கியர், மாதச் சம்பளக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய விலை. இந்த நான்கும் ஒரே காரில் அமைவது இப்போது மிகவும் குறைந்துவிட்டது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரண்டு பெயர்களில் 2012இல் வந்த கார் அப்படிப்பட்ட ஒன்று. சில நாடுகளில் அதையே சயான் எஃப்ஆர்-எஸ் என்று விற்றார்கள். மூன்றும் சுபாருவின் கும்மா ஆலையில் ஒரே வரிசையில் உருவானவை. 2021இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது டொயோட்டா பக்கத்துக் காரின் பெயர் ஜிஆர் 86 என்று மாறியது.

வந்த நாளிலிருந்து இந்தக் கார் மீது ஒரே கேள்விதான். 200 குதிரைத்திறன்தானா? டர்போ எங்கே? இந்தக் கேள்வியோடு வாங்குகிறவர்கள் முதல் மாதமே எக்ஸாஸ்ட், இன்டேக், டியூனிங் என்று இறங்கிவிடுகிறார்கள். முதல் தலைமுறைக் காரைப் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது ரேஸ் டிராக்கிலும் இறக்குகிறேன். என் அபிப்பிராயம் வேறு. இந்தக் காரில் ஒரு பாகத்தை மாற்றினால் அது அடுத்த பாகத்தைக் கேட்கும். அது அதற்கடுத்ததைக் கேட்கும். அந்தச் சங்கிலி இன்ஜினில் தொடங்குவதில்லை, டயரில் தொடங்குகிறது. அதனால் பாகங்களைப் பற்றிப் பேசுவதையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் தலைமுறைக் காரில் வந்த டயர் மிஷலின் பிரைமசி எச்பி, அளவு 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., சக்கரம் 17 அங்குலம்). ஸ்போர்ட்ஸ் காருக்கென்று செய்த டயர் இல்லை இது. வசதியாக, சத்தமில்லாமல், நிறைய கிலோமீட்டர் ஓட வேண்டிய கார்களுக்கான டயர். சில சந்தைகளில் பிரியஸ் ஹைபிரிட் காரிலும் இதே ரகம் போட்டு வந்தது. அதைச் சொல்லியே இந்தக் காரை மட்டம் தட்டியவர்கள் உண்டு. ஆனால் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு செலவைக் குறைப்பதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், அகலமான டயரும் வேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. பிடிமானம் அளவாக இருந்தால், அதன் எல்லை எங்கே இருக்கிறது என்பது சாதாரண வேகத்திலேயே ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். எல்லையைத் தாண்டினாலும் கார் சட்டென்று விலகாது. மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு டயர். இதே காலத்தில் விற்ற ஹூண்டாய் ஜெனசிஸ் கூப்பேவின் 19 அங்குலச் சக்கர மாடலில் முன்னால் 225, பின்னால் 245. அதிகத் திறனுள்ள இன்ஜினைத் தாங்கப் பின்பக்கம் அகலமாக வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அப்படிச் செய்யும்போது வளைவில் முன்பக்கம்தான் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வெளியே போய்க்கொண்டிருக்கும். 86இல் நாலும் ஒன்று என்பதால் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சேர்ந்தே தளர்கின்றன. அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை வலது காலால் நாம் முடிவு செய்யலாம். டயரை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்கிக்கொள்ளவும் முடிகிறது.

சரி, டயர் சிறியது. அப்படியென்றால் வளைவில் கார் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? இங்கேதான் இந்தக் காரின் படுத்த இன்ஜின் வருகிறது. சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்காமல் இரண்டு பக்கமும் கிடையாகப் படுத்திருக்கின்றன. அதை முடிந்தவரை தாழ்வாக, முன் அச்சுக்குப் பின்னோக்கித் தள்ளி வைத்திருக்கிறார்கள். விளைவாக ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. எடைப் பங்கீடு முன்னால் 53, பின்னால் 47 சதவீதம்.

இந்த 46 செ.மீ. என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடை, இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் சராசரியாக 1.53 மீட்டர். 0.9 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பில் 0.9 பங்கு பக்கவாட்டு விசையில், ஒரு வளைவை எடுக்கிறோம். எடையையும் விசையையும் ஈர்ப்பு மைய உயரத்தையும் பெருக்கி அகலத்தால் வகுத்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை கிடைக்கும். சுமார் 350 கிலோ. இதே கார் சாதாரணக் கார்களைப் போல 55 செ.மீ. ஈர்ப்பு மையத்தோடு இருந்தால் 420 கிலோ மாறியிருக்கும். டயரின் மேல் எடை கூடக் கூடப் பிடிமானமும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. வெளிப்பக்க டயருக்குப் போகும் கூடுதல் எடையில் ஒரு பகுதி வீண்தான். அந்த 70 கிலோவை மிச்சம் பிடித்ததால்தான் 215 அகல டயரே போதுமானதாகிறது. சஸ்பென்ஷனையும் முதுகு வலிக்கிற அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பிஆர்இசட், ஜிஆர் 86 இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டாம் தலைமுறையில் உடலும் இன்ஜினும் ஒன்று. ஆனால் ஓட்டினால் இரண்டு குணம். பிஆர்இசட்டின் முன் ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 30 நியூட்டன் விசை வேண்டும், பின் ஸ்பிரிங்குக்கு 35. ஜிஆர் 86இல் முன் 28, பின் 39. (பின் ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் முன் எண்ணையும் பின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது; இரண்டு கார்களையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம்.) டொயோட்டா முன்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பின்பக்கத்தை இறுக்கியிருக்கிறது. பின்பக்கம் எந்த அளவுக்கு இறுக்கமோ, அந்த அளவுக்கு வளைவில் எடை மாற்றம் பின் அச்சின் மேல் விழுகிறது. பின் டயர்கள் சீக்கிரம் களைத்துப் போகின்றன. காரின் பின்பக்கம் நடனமாடத் தயாராகிறது. சுபாரு அதை அடக்கி, கோட்டில் நிற்கிற காராக வைத்திருக்கிறது.

ஸ்டெபிலைசர் பாரிலும், அதாவது உடல் சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியிலும், அதே கதை. பின்பக்கம் பிஆர்இசட்டில் 14 மி.மீ., ஜிஆர் 86இல் 15 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முறுக்கப்படும் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. 15ஐ 14ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்தினால் 1.32. அந்த ஒரு மில்லிமீட்டர் 32 சதவீத விறைப்பைக் கூட்டுகிறது. போதாததற்கு, அந்தக் கம்பியை சுபாரு நேராக உடலிலேயே பிணைத்திருக்கிறது. டொயோட்டா பழையபடி சப்ஃபிரேமில், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டத்தில், மாட்டியிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் சுபாருவில் அலுமினியம், டொயோட்டாவில் இரும்பு. முக்கியமான மாற்றங்கள் இவைதான். கடையில் கிடைக்கிற 20 மி.மீ. கம்பியை விளம்பரம் பார்த்து மாட்டுகிறவர்கள் இந்த ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 15ஐ எடுத்துவிட்டு 20ஐப் போட்டால் விறைப்பு மூன்று மடங்கைத் தாண்டும். தொழிற்சாலையில் மாதக்கணக்காகத் தேடிப் பிடித்த விகிதம் ஒரே மதியத்தில் காணாமல் போகும்.

ஷாக் அப்சார்பருக்கு, அதாவது டாம்பருக்கு, வருகிறேன். நிறுவனங்களே விற்ற பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்களைப் பார்த்தால் அவர்களின் முன்னுரிமை தெரியும். 2017 பிஆர்இசட்டுக்கு அமெரிக்காவில் ஒன்று வந்தது. அதில் சாக்ஸ் நிறுவனத்தின் டாம்பர், பிரெம்போ நிறுவனத்தின் பிரேக், அரை அங்குலம் அகலமான 17 அங்குலச் சக்கரம். இன்ஜினை யாரும் தொடவில்லை. டயர் அளவும் அதே 215தான். 2019 மாடலில் டொயோட்டா தன் பந்தயப் பிரிவான டிஆர்டியின் பெயரில் சிறப்புப் பதிப்பை வெளியிட்டபோது டயர் ரகம் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 ஆனது, சக்கரம் 18 அங்குலம் ஆனது. அகலம்? 215. 2024 ஜிஆர் 86க்கு வந்த பேக்கேஜிலும் சாக்ஸும் பிரெம்போவும்தான். பிஆர்இசட் டிஎஸ் மாடலில் சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்டிஐ டியூன் செய்த ஹிட்டாச்சி டாம்பரும் பிரெம்போவும். திரும்பத் திரும்ப இரண்டே விஷயம்: டாம்பர், பிரேக். இந்தக் காரை வடிவமைத்தவர்களுக்கு அது எதில் தளர்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

டாம்பர் நல்லதா என்பதைக் காரின் மூலையைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதன் வேலை இரண்டு வகை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் உடல் மெதுவாகச் சாய்கிறது. அப்போது உள்ளே பிஸ்டன் நகர்வது மிக மெதுவாக. பள்ளத்தில் சக்கரம் விழும்போதும் டிராக்கின் ஓரக் கல்லில் ஏறும்போதும் அதே பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் பாய்கிறது. மட்டமான டாம்பரில் மெது நகர்வுக்குப் போதிய தடை இருக்காது, வேக நகர்வுக்கு அளவுக்கு மீறிய தடை இருக்கும். உடல் ஆடிக்கொண்டே இருக்கும், பள்ளமோ முதுகுத்தண்டில் இறங்கும். நல்லதில் இது நேரெதிர். சாக்ஸ் போட்ட கார் ஒன்றை ஓட்டியபோது எனக்குத் தெளிவாகப் புரிந்தது இதுதான்: வளைவுக்குள் திரும்பிய பிறகு கார் ஒரே தடவை சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது அசைவு கிடையாது. அந்த நொடியிலேயே ஆக்ஸிலேட்டரைத் தொடலாம். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட்) வாங்குகிறவர்கள் எத்தனை படி சரிசெய்யலாம் என்பதைவிட இந்த ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும்.

சஸ்பென்ஷன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்டிரட் (டாம்பரே சக்கரத்தைத் தாங்கும் எளிய வகை), பின்பக்கம் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் கைகள் தாங்கும் வகை). இந்த மெக்பெர்சன் விலையைக் கட்டுக்குள் வைத்த முடிவு. அதன் குறை டயரில் தெரியும். டிராக்கில் ஓடிய இந்தக் காரின் முன் டயரைக் குனிந்து பாருங்கள். நடுவில் பட்டைகள் நன்றாக இருக்கும். வெளி ஓரத்தில் மட்டும் ரப்பர் இறகு இறகாகப் பிய்ந்து, விரலால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருக்கும். உடல் சாயும்போது டயர் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். தொழிற்சாலை அமைப்பில் முன் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், கிட்டத்தட்ட பூஜ்யம், சரிசெய்யவும் வழியில்லை. ஸ்டிரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் ஒரு கேம்பர் போல்ட்டைப் போட்டால் எதிர்மறையாக (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து) ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். இந்தக் காருக்கு வாங்கக்கூடிய பொருட்களில் மிக மலிவானது அந்தப் போல்ட்தான். இருக்கிற டயரை முழு அகலத்துக்கும் வேலை வாங்குகிறது, டயரின் ஆயுளையும் நீட்டுகிறது. பெரிய சக்கரமும் புது டயரும் வாங்குவதற்கு முன் இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

இப்போது பிரேக். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

மணிக்கு 160 கி.மீ.யிலிருந்து 80க்கு ஒரு வளைவுக்கு முன்னால் இறக்குகிறோம். 1,300 கிலோ காரில் அப்போது வெப்பமாக மாற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைப் பச்சையிலிருந்து கொதி வரும் வரை கொண்டுபோகிற வெப்பம் அது. அடுப்பில் அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும்; இங்கே இரண்டரை விநாடியில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டரை விநாடியில் பிரேக் செய்யும் வேலையைக் குதிரைத்திறனில் சொன்னால் 500ஐத் தாண்டும். 200 குதிரைத்திறன் இன்ஜினைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம். அதைவிட இரண்டரை மடங்கு திறனில் வேலை செய்கிற பாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதில் 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது என்று கொள்வோம். ஒரு டிஸ்க் ஏழு கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரு தடவை மிதித்ததிலேயே அதன் வெப்பம் நூறு டிகிரி ஏறுகிறது. அடுத்த நேர்ப்பாதையில் கொஞ்சம் ஆறும். ஆனால் முழுவதும் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சாதாரண மாடலில் முன் டிஸ்க் 294 மி.மீ., காலிப்பரில் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடியில்) ஒரே பக்கம் பிஸ்டன்கள், காலிப்பர் நகர்ந்து மறுபக்கத்தைப் பிடிக்கும் வகை. சாலைக்கு இது தாராளம். டிராக்கில் நாலைந்து சுற்றுகளிலேயே சாலைப் பேட் தன் வெப்ப எல்லையைத் தொட்டுவிடும்.

அந்த நேரத்தில் நடப்பது இரண்டில் ஒன்று. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் அதன் முகம் கண்ணாடி போலப் பளபளக்கும். பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் வந்துவிட்டன. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது இந்த விஷயத்தில் முதல் பாடம். பிரேக் ஆயிலுக்கு டாட் என்ற தர எண் உண்டு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140க்கு இறங்கலாம். டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. இந்த மூன்று ஆயிலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அதனால் விலை உயர்ந்த ஆயிலைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடுவதைவிட, நல்ல டாட் 4ஐ டிராக் நாளுக்கு முன்னால் புதிதாக மாற்றுவது பலமடங்கு மேல். கூடவே வெப்பம் தாங்கும் பேட். தொழிற்சாலைக் காலிப்பரை வைத்துக்கொண்டே இவை இரண்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

பிரெம்போ எதற்கு என்றால், அதில் முன் டிஸ்க் சுமார் 326 மி.மீ., நான்கு பிஸ்டன். பின் டிஸ்க் 316 மி.மீ., இரண்டு பிஸ்டன். வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு அதிகம், வெளியேற்றப் பரப்பு அதிகம், பேட் சீராகத் தேய்கிறது. ஒற்றை நிறுத்தத்தில் தூரம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் பெடல் கிடைக்கும் என்பதுதான் பிரெம்போவின் பயன். பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையைக் கொஞ்சம் கூட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் பெரும்பாலான மாடல்களில் டார்சன் வருகிறது. பற்சக்கரங்களின் உராய்வால் வேலை செய்கிற வகை. வழுக்கும் சக்கரம் தாங்குகிற முறுக்குவிசையைப்போல் இத்தனை மடங்கு என்று மறு சக்கரத்துக்கு அனுப்பும். தேய்ந்துபோக கிளட்ச் தகடுகள் இல்லை, பராமரிப்பு குறைவு, வளைவிலிருந்து வெளியே வரும்போது வேலையை மென்மையாகச் செய்கிறது. அதற்கு ஒரே ஒரு பலவீனம். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்கு ஆக்கினாலும் பூஜ்யம்தான். மேலே சொன்ன தடித்த பின் ஸ்டெபிலைசர் பார் இங்கேதான் வந்து கடிக்கிறது. அது உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தூக்கியதும் டார்சன் கைவிடும். பிறகு கிளட்ச் வகை டிஃபரென்ஷியல் வாங்க வேண்டும் என்று தோன்றும். ஒரு பாகம் அடுத்ததைக் கேட்கும் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

கியர்பாக்ஸ் ஆறு வேகம், குறுகிய அசைவு, குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 2017 மாடலில் கைக் கியர் காருக்கு இறுதிக் கியர் விகிதத்தை 4.1லிருந்து 4.3 ஆக்கினார்கள், இழுப்பு கொஞ்சம் சுறுசுறுப்பானது. அதற்குமேல் அங்கே கை வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்புறம் இன்ஜின். முதல் தலைமுறையின் எஃப்ஏ20 இன்ஜினில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் இரண்டுமே 86 மி.மீ. கொள்ளளவு 1,998 சிசி, அழுத்த விகிதம் 12.5. டொயோட்டாவின் டி-4எஸ் முறையில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளும், தேவைப்படும்போது இன்டேக் குழாயிலும் தெளிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன், 6,400 சுற்றுக்கு மேல்தான் உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாமல் ஒரு லிட்டருக்கு 100 குதிரைத்திறன் என்பது சாதாரண வேலை இல்லை. 7,000 சுற்றில் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிறது.

இந்த இன்ஜினின் உண்மையான குறை உச்சத் திறனில் இல்லை. 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. மேடான சாலையில் மூன்றாவது கியரில் முந்தப் போகும்போது அது நன்றாகவே தெரியும். கால் கேட்கிறது, கார் ஒரு கணம் யோசிக்கிறது. எக்ஸாஸ்ட் ஹெடரை (சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுப்பை) மாற்றி, அதற்கேற்ப இன்ஜினின் கணினியான இசியூவை டியூன் செய்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரவிவிடும். உச்சத்தில் கூடுவது சொற்பம்; ஆனால் நடுவில் கிடைப்பதுதான் தினமும் உதவுகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் உள்ள ஹெடராகவே பார்த்து வாங்க வேண்டும். புகை விதிகளுக்காக மட்டும் இல்லை. அது இல்லாமல் வரும் வாடையும் இரைச்சலும் காரை ஓட்டும் ஆசையையே குறைத்துவிடும்.

இரண்டாம் தலைமுறையில் தொழிற்சாலையே இதைத் தீர்த்துவிட்டது. எஃப்ஏ24 இன்ஜினில் பிஸ்டன் ஓட்டம் அதே 86, விட்டம் மட்டும் 94 மி.மீ. கொள்ளளவு 2,387 சிசி. ஜப்பான் மாடலில் 235 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், 250 நியூட்டன் மீட்டர் உச்ச முறுக்குவிசை 3,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. பழைய காரில் பள்ளம் இருந்த அதே இடம். எடை கொஞ்சம்தான் கூடியது. கூரைக்கு அலுமினியம் போட்டு அதைச் சமாளித்தார்கள். இதே 2.4 லிட்டர் இன்ஜினின் இன்னொரு வடிவம் சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் காரில் டர்போவோடு வருகிறது. கையில் டர்போ இருந்தும் இந்தக் காருக்குக் கொடுக்கவில்லை. அந்த முடிவை நான் மனதார ஆதரிக்கிறேன். காலின் அசைவுக்கு இம்மியும் தாமதிக்காமல் பதில் சொல்கிற இன்ஜின் இல்லாவிட்டால், சமமான நான்கு டயர்களை ஆக்ஸிலேட்டரால் சாய்த்து ஓட்டுகிற சுகம் இந்தக் காருக்குக் கிடைத்திருக்காது.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்த விகிதம் 12.5 இருக்கும்போது காற்றை இன்னும் திணித்தால் எரிபொருள் தானாகவே வெடிக்கும் அபாயம் கூடுகிறது. டியூனிங் மிகுந்த கவனத்தோடு செய்யப்பட வேண்டும், எரிபொருளும் தரமாக இருக்க வேண்டும். அதைவிட, நேர்ப்பாதையின் முடிவில் வேகம் 160க்குப் பதில் 180 ஆகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. சேர்த்த திறனுக்கான பில் முதலில் முன் டிஸ்க்குக்குத்தான் வரும்.

கடைசியாக எண்ணெய். காரைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தால் இந்த இன்ஜினின் அமைப்பு ஒரே பார்வையில் விளங்கும். இரண்டு பக்கமும் சிலிண்டர் தலைகள். எக்ஸாஸ்ட் குழாய்கள் அடியில் ஓடுகின்றன. நடுவில் ஆழமில்லாத தட்டையான ஆயில் பேன், அதாவது எண்ணெய் தங்கும் தொட்டி. இன்ஜினைத் தாழ்வாக வைத்ததற்கான விலை அது. ஆழம் இல்லாததால், நீண்ட வலது வளைவில் எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்கிச் சிலிண்டர் தலைக்குள் தங்கும்போது, உறிஞ்சும் குழாயின் வாயில் எண்ணெய் குறையலாம். எஃப்ஏ24 கார்களை அகலமான, ஒட்டும் டயரோடு டிராக்கில் ஓட்டியவர்கள் நீண்ட வலது வளைவுகளில் ஆயில் அழுத்தம் இறங்குவதை மீட்டரில் பதிவு செய்திருக்கிறார்கள். உறிஞ்சும் குழாயின் வலையில் சீலன்ட் (இணைப்புகளை அடைக்கும் பசை) துணுக்குகள் மாட்டியிருந்ததையும் பேனைக் கழற்றிய பலர் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலையின் 215 டயரில் வளைவு விசைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. 255 அகலத்தில் டிராக் டயரைப் போட்டால் அந்த வரம்பு மேலே போகிறது. எண்ணெயும் அதே அளவு ஒதுங்குகிறது. டயர் ஆயில் பேனைக் கேட்கிறது. இந்தச் சங்கிலியை யோசிக்காமல் டயரை மட்டும் மாற்றுகிறவரின் இன்ஜின் நெடுநாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அகல டயரோடு அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர் ஆயில் அழுத்த மீட்டர், தடுப்புகள் வைத்த பேன், ஆயில் கூலர் மூன்றையும் டயரோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கூலரில் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சாலையில் எண்ணெய் சூடேறவே நேரம் பிடிக்கும், குளிர்ந்த எண்ணெயோடு இன்ஜினை ஓட்டுவது வேறு தொல்லை. என் காரில் அகலம் இன்னும் 215தான், ரகம் மட்டும் ஒரு படி மேல். கேம்பர் போல்ட், வெப்பம் தாங்கும் பேட், புது டாட் 4, கூலர். எண்ணெய் வெப்பம் 120ஐத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற விடுவேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் வருடங்களில் செய்த எஃப்ஏ20 இன்ஜின்களுக்கு வால்வ் ஸ்பிரிங் குறைபாட்டுக்காக 2018 இறுதியில் திரும்ப அழைப்பு வந்தது. இன்ஜினை வெளியே எடுத்துத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். சேஸிஸ் எண்ணை வைத்து அந்த வேலை முடிந்திருக்கிறதா, எப்போது, எங்கே முடிந்தது என்று பார்த்துவிடுங்கள். பிறகு முன் டயர்களின் வெளி ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிரேக் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், இன்ஜின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார் என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் என்ன பிராண்ட் என்று விற்கிறவரே சொல்லிவிடுவார்.